வயிறு, சுகர், ரத்தம்: ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை வீட்டில் என்ன செய்வது

வீட்டில் சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால், முதலில் எழுந்து போய்ச் சமையலறையில் குளுக்கோஸ் பொடி ஒரு டப்பா இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே வாங்கி வையுங்கள், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும், விலையும் அதிகமில்லை. வீட்டில்தான் சர்க்கரை இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். சிலருக்குப் போதாது, ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நான் கேசுவல்டியில் பல வருடம் நர்ஸாக இருந்தவள். விபத்து என்றால் ஜனங்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள், ஏனென்றால் ரத்தம் கண்ணுக்குத் தெரிகிறது. தாமதமாக வருவதெல்லாம் உள்ளே நடக்கிற விஷயங்கள்: வயிற்றுக்குள் ஏதோ ஓட்டை விழுவது, சுகர், தைராய்டு மாதிரி சுரப்பிக் கோளாறு, ரத்தம் உறையாமல் போவது. வெளியே எதுவும் தெரியாததால் வீட்டிலேயே அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். மேல்வயிறு வலித்தால் கேஸ். தலை சுற்றினால் பித்தம். குழந்தை விடாமல் அழுதால் உரம் விழுந்திருக்கிறது. காய்ச்சல் விட்ட பிறகு சுருண்டு படுத்தால் அசதி. பெயர் வைத்தாயிற்று என்றால் அதற்கேற்ற கை வைத்தியத்தைச் சொல்லப் பக்கத்து வீட்டில் யாராவது இருப்பார்கள், அதிலேயே நாலைந்து மணி நேரம் போய்விடும். அந்த நாலைந்து மணி நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். இது வைத்தியம் சொல்லும் கட்டுரை இல்லை, ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் வரை எதைச் செய்யலாம், எதைச் செய்யவே கூடாது என்பது மட்டும்தான்.

சுகர் இறங்கினால்

வீட்டில் இருக்கிறவரே கால் மணி நேரத்தில் ஆளைத் திருப்பிக் கொண்டுவந்துவிடக்கூடிய அவசரம் இது ஒன்றுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே போனால் லோ சுகர். 54க்குக் கீழே போனால் மூளைக்குப் போகிற தீனியே குறைகிறது. முதலில் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், சில்லென்று வியர்க்கும், தாங்க முடியாமல் பசிக்கும். அப்படியே விட்டால் பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். குடித்துவிட்டு உளறுகிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. சிலருக்குப் பக்கவாதம் மாதிரியே ஒரு பக்கக் கை கால் விழுந்துவிடும், குளுக்கோஸ் ஏறியதும் சரியாகிவிடும். பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமல் போகலாம், வியர்வை மட்டும் தெரியும். காலையில் எழும்போது தலையணையும் பனியனும் நனைந்து கிடந்தால் ராத்திரியில் சுகர் இறங்கியிருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள்.

ஆகவே, சுகர் இருக்கிற ஒருவர் திடீரென்று மாறிப் பேசினால், மாறி நடந்துகொண்டால், முதல் வேலை விரலில் குத்திப் பார்ப்பதுதான். மீட்டர் இல்லையா? லோ சுகர் என்றே வைத்துக்கொண்டு இனிப்பைக் கொடுத்துவிடுங்கள். 300 இருக்கிறவருக்கு இன்னும் மூன்று ஸ்பூன் இனிப்பு போனால் பெரிய கெடுதல் வந்துவிடாது, ஆனால் 40 இருக்கிறவருக்குக் கொடுக்காமல் விட்டால் மூளை பாதிக்கும்.

கொடுக்கிற முறை இதுதான். ஆள் விழித்திருக்க வேண்டும், சொன்னால் விழுங்க வேண்டும். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பொடியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், அது கிட்டத்தட்ட 15 கிராம். இல்லையென்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, அல்லது ஒரு மடக்கு தேன், அல்லது அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சாதாரண கலர் சோடா (டயட் என்று போட்டிருப்பது உதவாது). 15 நிமிடம் பொறுத்து மறுபடி குத்திப் பாருங்கள். இன்னும் 70ஐத் தாண்டவில்லையா, அதே அளவு மறுபடி. தாண்டியதும் அப்படியே விட்டுவிடாமல் இரண்டு இட்லியோ பிஸ்கட்டும் பாலுமோ சாப்பிடக் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி இறங்கும். சாக்லேட், லட்டு, மைசூர் பாகு எல்லாம் இந்த நேரத்துக்கு வேண்டாம். அதில் இருக்கிற கொழுப்பு, இனிப்பு ரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும்.

இப்போது அந்தக் குளுக்கோஸ் டப்பா விஷயம். வோக்லிபோஸ், அகார்போஸ் என்று சில மாத்திரைகள் இருக்கின்றன, சாப்பாட்டின் முதல் கவளத்தோடு போடச் சொல்வார்கள். நாம் போடுகிற வெள்ளைச் சர்க்கரை குடலில் உடைந்து குளுக்கோஸாக மாறுவதையே இவை தடுக்கும், அதற்காகத்தான் அந்த மாத்திரை. அதனால் இவற்றைச் சாப்பிடுகிறவருக்கு லோ ஆனால், சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் வேலைக்கு ஆகாது. நேரடியாகக் குளுக்கோஸ் வேண்டும், அவசரத்துக்குத் தேனும் உதவும். இந்த மருந்துகள் இன்னொரு மாத்திரையோடு கலந்து ஒரே மாத்திரையாகவும் வருகின்றன. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று இன்றைக்கே படித்துப் பாருங்கள்.

ஆள் நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. பயத்தில் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றி, அது நுரையீரலுக்குள் போய், சுகர் சரியான பிறகு நிமோனியாவில் கஷ்டப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பல்செட் இருந்தால் எடுத்துவிடுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள். சுகர் நோயாளி, மயக்கம் என்று போனிலேயே சொல்லுங்கள். ஆம்புலன்ஸில் வருகிறவர் மீட்டரில் பார்த்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்ற முடியும். பைக்கில் நடுவில் உட்கார வைத்துத் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோவது வேண்டவே வேண்டாம்.

எழுந்து உட்கார்ந்து காபி கேட்டால் உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கூட்டிப் போகிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற இடம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரையால் இறங்கிய சுகர் ஒரு தடவை ஏற்றிவிட்டால் நிற்காது. மாத்திரை உடம்பில் இருக்கும் வரை மறுபடி மறுபடி இறங்கும், அதுவும் வயதானவர்கள், கிட்னி பாதிப்பு உள்ளவர்கள் என்றால் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள்கூட. அட்மிட் ஆகுங்கள் என்று சொன்னால் ஆகுங்கள். எங்கள் வார்டில் இருந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போன ஒரு பாட்டி அன்று ராத்திரியே திரும்பி வந்தார், அப்போது சுகர் 28.

இது ஏன் நடக்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாததுதான். 2021இல் மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம். ஆனால் மாத்திரை வந்தால் மட்டும் போதாது, தனியாக இருக்கிற அம்மா சாப்பிட்டாரா என்று கேட்க ஆள் வேண்டும். சஷ்டி விரதம், வைகுண்ட ஏகாதசி, ரம்ஜான் நோன்பு எதுவாக இருந்தாலும் ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் கேட்டு மாத்திரையை மாற்றிக்கொள்ளுங்கள். விரத நாளில் காலையில் சுகர் மாத்திரையைப் போட்டுவிட்டு மத்தியானம் கோவில் வரிசையில் மயங்கி விழுவது தெய்வக் குற்றம் இல்லை.

சுகர் ஏறி, வாந்தியும் வந்தால்

இன்சுலின் போடுகிற பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிடவே இல்லையே, எதற்கு இன்சுலின் என்று வீட்டில் நிறுத்திவிடுகிறார்கள். டைப் 1 உள்ளவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்து. இன்சுலின் இல்லாவிட்டால் உடம்பு கொழுப்பை எரித்து, ரத்தத்தில் அமிலம் சேர்ந்துவிடும். வயிறு வலிக்கும், வாந்தி வரும், மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுக்கும், வாயில் அழுகிய பழ வாசனை அடிக்கும். வயிற்று வலி, வாந்தி என்றதும் ஃபுட் பாய்சன் என்று பெயர் வைத்துவிடுவார்கள். சுகர் உள்ளவருக்கு வாந்தி என்றால், கீட்டோன் என்கிற அந்த அமிலம் இருக்கிறதா என்று பார்க்கும் வரை அதை ஃபுட் பாய்சன் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். காய்ச்சல் நாளில் நீண்ட நேரம் வேலை செய்கிற இன்சுலினை நிறுத்தக் கூடாது, அளவைத்தான் டாக்டரிடம் கேட்டு மாற்ற வேண்டும், சில சமயம் கூட்டவே வேண்டியிருக்கும்.

சுகரே இல்லை என்று நினைத்திருந்த குழந்தைக்கும் முதல் அறிகுறியே இதுவாக இருக்கலாம். சில வாரமாகத் தண்ணீர் தண்ணீர் என்று குடிக்கிறது, நிறுத்தியிருந்த படுக்கை நனைப்பு மறுபடி தொடங்கிவிட்டது, எடை குறைகிறது, சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்க்கிறது. இப்படி இருக்கிற குழந்தைக்கு இன்று வாந்தியும் மூச்சு வாங்கலும் வந்தால், வீசிங் என்று ஆவி பிடிக்க வைத்துக்கொண்டு உட்காராமல் ஒரு துளி ரத்தத்தில் சுகர் பாருங்கள், அரை நிமிடம்கூட ஆகாது.

இன்னொன்று, புதிதாக வந்த சிக்கல். டபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் மாதிரி கிளிஃபுளோசின் என்று முடிகிற சுகர் மாத்திரைகளை இப்போது நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள், இதயத்துக்கும் கிட்னிக்கும் நல்லது என்று கொடுக்கிறார்கள், உண்மைதான். ஆனால் இவர்களுக்குச் சுகர் 180, 200 என்று சாதாரணமாகக் காட்டும்போதே அந்த அமிலம் சேர்ந்துவிட முடியும். மீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். வாந்தி, பேதி, சாப்பிட முடியாத நாள், ஆபரேஷனுக்கு முந்திய நாள்கள் என்றால் இந்த மாத்திரையை நிறுத்தி வைக்க வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள், ஆஸ்பத்திரியில் இந்தப் பெயரைத் தவறாமல் சொல்லுங்கள்.

ஸ்டீராய்டும் தைராய்டும்

மூட்டுவலி, ஆஸ்துமா, தோல் நோய் என்று மாதக் கணக்கில் பிரெட்னிசோலோன் மாதிரி ஸ்டீராய்டு சாப்பிட்டவர்கள் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பு சொந்தமாக அதைச் சுரப்பதை மறந்திருக்கும். நிறுத்திய சில நாளில், அல்லது ஒரு காய்ச்சல், ஒரு வயிற்றுப்போக்கு வந்த நேரத்தில், பிரஷர் இறங்கி, வாந்தி, வயிற்று வலி, சுகர் லோ என்று ஆள் கவிழ்ந்துவிடுவார். காரணம் தெரிந்தால் ஹைட்ரோகார்டிசோன் 100 மில்லிகிராம் ஊசியும் சலைனும் போட்டு மீட்டுவிடலாம். காரணம் தெரியாவிட்டால்தான் கஷ்டம். பெயரில்லாத பொடி, உருண்டை என்று எங்கேயாவது வாங்கிச் சாப்பிட்டு வலி மாயமாகப் பறந்ததா, முகம் உப்பியதா? அதிலும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். திட்டுவார்களோ என்று மறைக்காதீர்கள், பொட்டலத்தையே கொண்டு வாருங்கள்.

தைராய்டு அதிகமாக இருந்து கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை: தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றைக்கே ரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். சிலருக்கு அந்த மருந்து வெள்ளணுக்களை அடியோடு குறைத்துவிடும்.

வயிற்று வலி

முதலில் எதைச் செய்யக் கூடாது என்பது. கடுமையான வயிற்று வலி என்றால் சாப்பாடு வேண்டாம், காபி வேண்டாம், ஈனோ, சோடா, ஓமத் தண்ணீர் எதுவும் வேண்டாம், ஏனென்றால் ஆபரேஷன் தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும். நாக்கை நனைக்க ஒரு வாய் தண்ணீர் போதும். விளக்கெண்ணெய், பேதி மாத்திரை, எனிமா கூடவே கூடாது. அழற்சி உள்ள குடல்வால் அதில் வெடித்துவிடலாம். குடலேற்றம் என்று சொல்லி வயிற்றை எண்ணெய் போட்டு நீவுவதும் வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி வலி மாத்திரையும் வேண்டாம், வயிற்றில் புண் இருந்தால் அதுவே ரத்தக் கசிவை உண்டாக்கும். அதே சமயம், ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்துவிட்டு வலிக்கு ஊசி போட்டால் பயப்படாதீர்கள். ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்பது பழைய நம்பிக்கை, இப்போது வலியைக் குறைத்துவிட்டே பரிசோதிக்கிறார்கள். இன்சுலின் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வருகிறவர் என்றால் அதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்போது கேஸ். நாற்பது வயதைத் தாண்டியவர், சுகர், பிரஷர் அல்லது புகைப் பழக்கம் உள்ளவர், மேல்வயிற்றில் அழுத்தம், வியர்வை, வாந்தி வருகிற மாதிரி இருக்கிறது என்றால், அது இசிஜி எடுத்துப் பார்க்கும் வரை கேஸ் இல்லை. இதயத்தின் அடிப்பக்கத்தில் அடைப்பு வந்தால் வலி வயிற்றில்தான் தெரியும். சுகர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலியே இல்லாமல் போகலாம். ஜெலுசில் குடித்ததும் கொஞ்சம் பரவாயில்லை என்று சொன்னாலும் நம்பாதீர்கள். ஆஸ்பத்திரிக்குள் நுழைந்து பத்து நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது விதி, நீங்களே வாய் திறந்து கேட்கலாம். வயிற்றில் வலி என்கிறபோது வீட்டிலேயே ஆஸ்பிரின் கொடுப்பது சரியில்லை, அல்சர் ரத்தக் கசிவாக இருந்தால் மோசமாகிவிடும். இசிஜி பார்த்துவிட்டு அவர்களே கொடுப்பார்கள்.

குடல்வால் அழற்சி ஒரு தனி நடையில் வரும். முதலில் தொப்புளைச் சுற்றி மந்தமான வலி, பசியே இருக்காது, சில மணி நேரம் கழித்து வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். முதலில் வலி, அப்புறம்தான் வாந்தி. வாந்தி பேதி முதலில் வந்து வலி பின்னால் வந்தால் பெரும்பாலும் வேறு. வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அந்த இடம் சுரீரென்று வலிக்கிறதா என்று கேளுங்கள். ராத்திரி முழுக்கத் துடித்தவர் காலையில் திடீரென்று வலி போய்விட்டது என்றால் சந்தோஷப்பட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள், உள்ளே வெடித்தாலும் கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும்.

ஒரே நொடியில் கத்தி குத்தியது போல வலி வந்து, வயிறு பலகையாக இறுகி, அசையப் பயந்து படுத்திருந்தால், குடலில் ஓட்டை விழுந்திருக்கலாம். குடிப் பழக்கம் உள்ளவருக்கு மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்றால் கணையம். வயிறு உப்பி, வாந்தி நிற்காமல், காற்றுகூடப் பிரியவில்லை என்றால் குடல் அடைப்பு. குடல் இறக்கம் உள்ளவர்களுக்கு அந்த வீக்கம் கல்லாகி, வலித்து, உள்ளே போக மறுத்தால் அமுக்கித் தள்ளாதீர்கள், நேரே சர்ஜனிடம் போங்கள். இடுப்பில் இருந்து தொடைக்கு இறங்குகிற கிட்னிக் கல் வலியில் குளிர் காய்ச்சலும் சேர்ந்துவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக் கூடாது.

வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற வலிகள் இரண்டு உண்டு, இவை என் மனசில் எப்போதும் இருக்கும். வளர்ந்த பையன் வயிறு வலிக்கிறது என்று சுருண்டு படுத்திருக்கிறான், கேட்டால் வாய் திறக்க மாட்டான். அவனுடைய அப்பாவோ அண்ணனோ தனியாகக் கூப்பிட்டு விதையில் வலியா, வீக்கமா என்று கேட்க வேண்டும். விதை முறுக்கிக்கொண்டிருந்தால் ஆறு மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்தால்தான் காப்பாற்றுவது சுலபம். அடுத்தது பெண்கள். அடிவயிற்று வலி, தலைச்சுற்றல், தோள்பட்டை நுனியில் வலி, நாள் தள்ளிப் போயிருக்கிறது அல்லது லேசாக ரத்தம் படுகிறது என்றால், கருக்குழாயில் தங்கிய கரு வெடித்து உள்ளே ரத்தம் கொட்டிக்கொண்டிருக்கலாம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவருக்கும் இது வரும், செய்தாயிற்றே என்று ஒதுக்கிவிடாதீர்கள். கல்யாணமாகாத பெண் என்றால் சுற்றி நிற்கிற எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு நர்ஸ் கேட்கட்டும். அந்த நேரத்தில் மானமா என்று பார்க்க நேரமில்லை, ஒரு சிறுநீர்ப் பரிசோதனை உயிரைக் காப்பாற்றும்.

ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தை விட்டு விட்டு வீறிட்டு, காலை வயிற்றோடு மடக்கி, நடுநடுவே சோர்ந்து தூங்கிவிட்டால், புடவையில் போட்டு உருட்டி உரம் எடுக்கப் போகாதீர்கள். குடல் குடலுக்குள் செருகிக்கொண்டிருக்கலாம். மலத்தில் ரத்தமும் சளியும் சிவப்பு ஜெல்லி மாதிரி வரும், ஆனால் அது கடைசியில்தான் வரும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது. பெரிய குழந்தைக்குத் தொக்கம் எடுக்கப் போவதும் இதே கதைதான்.

கிராமத்துக்காரர்களுக்கு இன்னும் ஒன்று. ராத்திரி தரையில் பாய் போட்டுப் படுத்தவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று எழுந்து, கொஞ்ச நேரத்தில் இமை தானாகச் சரிந்து, விழுங்கக் கஷ்டப்பட்டால், அது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். அதன் பல் மெல்லியது, தடமும் தெரியாது, வலியும் இருக்காது, கடித்ததே தெரியாமல் தூங்கியிருப்பார். மூச்சுத் தசைகள் நிற்பதற்குள் விஷமுறிவு மருந்தும் வென்டிலேட்டரும் உள்ள ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

ரத்தம்

வாந்தியில் சிவப்பாகவோ காபி டிகாஷன் மண்டி மாதிரியோ வந்தால், மலம் தார் போலக் கறுத்து, ஒட்டிக்கொண்டு, சகிக்க முடியாத நாற்றத்தோடு போனால், இரைப்பைப் பக்கம் ரத்தம் கசிகிறது. இரும்புச் சத்து மாத்திரையிலும் கறுப்பாகப் போகும், ஆனால் இப்படி ஒட்டாது, இப்படி நாறாது. படுக்க வையுங்கள், காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள், வாந்தி வந்தால் ஒரு பக்கமாகத் திருப்புங்கள், எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள். கழுவி ஊற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், சொல்லி விளக்குவதைவிட அது மேல். பிரஷர் நார்மல் என்று சொன்னதை வைத்து நிம்மதியாகாதீர்கள், நாடித் துடிப்புதான் முதலில் ஏறும், பிரஷர் கடைசியில்தான் விழும்.

டெங்குவில் எல்லாரும் தட்டணுக்களையே எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் விடுகிற அன்று, அதாவது மூன்றாம் நாளில் இருந்து ஏழாம் நாளுக்குள் ஆரம்பிக்கும். ரத்தக் குழாயில் இருந்து நீர் வெளியே கசிந்து ரத்தம் கெட்டியாகிறது, அதுதான் ஆளைச் சாய்க்கிறது. காய்ச்சல் விட்ட பிள்ளை விளையாட வேண்டும். அப்படி இல்லாமல் வயிறு வலிக்கிறது என்கிறது, வாந்தி நிற்கவில்லை, கை கால் சில்லென்று இருக்கிறது, ஈறில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றால் ராத்திரி எத்தனை மணியானாலும் கிளம்புங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கூடாது, இடுப்பில் ஊசியும் கூடாது. நிலவேம்புக் குடிநீர் கொடுக்கிறீர்கள் என்றால் கொடுங்கள், ஆனால் அதைக் கொடுத்தாயிற்று என்று ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்காதீர்கள். தட்டணு 40,000 என்றதும் ரத்த வங்கிக்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை, ரத்தக் கசிவு இல்லாவிட்டால் பொதுவாக 10,000க்குக் கீழே போனால்தான் ஏற்றுவதைப் பற்றி யோசிப்பார்கள். சலைனை எவ்வளவு, எந்த வேகத்தில் ஏற்றுகிறார்கள் என்பதுதான் பெரிய வைத்தியம்.

ஹீமோஃபிலியா, அதாவது பிறவியிலேயே ரத்தம் சரியாக உறையாத நோய் உள்ள பையன் தலையில் அடிபட்டால் வீக்கம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதலில் ஃபேக்டர் (ரத்தத்தை உறைய வைக்கிற ஊசி மருந்து), அப்புறம்தான் ஸ்கேன். இதை நீங்களே டாக்டரிடம் சொல்லத் தயங்காதீர்கள், எல்லா இடத்திலும் இந்த நோயைப் பார்த்துப் பழகியிருக்க மாட்டார்கள். மூட்டில் ரத்தம் கட்டினால் ஐஸ் வைத்து, அசைக்காமல் தூக்கி வைத்துக்கொண்டே கிளம்புங்கள். எந்த ஊசியும் தசையில் வேண்டாம்.

நீலகிரி, கூடலூர்ப் பக்கம் இருளர், குறும்பர், பணியர் குடும்பங்களில் சிக்கிள் செல் இருக்கிறது, சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துவிடுகிற பரம்பரை ரத்த நோய். அந்த வலி எலும்பையே பிழியும் வலி, நடிப்பு இல்லை. தண்ணீர் நிறையக் கொடுத்து, குளிரில் இருந்து போர்த்தி, வலி மருந்தைத் தாமதிக்காமல் வாங்கிக் கொடுங்கள். ஆனால் காய்ச்சல், நெஞ்சு வலியோடு மூச்சு வாங்கல், குழந்தையின் இடது விலாவுக்குக் கீழே வயிறு பெருத்து முகம் வெளுத்தல், இவை மூன்றில் எது வந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

இதய வால்வு மாற்றி, ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர் வழுக்கி விழுந்து தலையில் இடித்துக்கொண்டால், வெளியே ஒரு கீறல்கூட இல்லையென்றாலும் ஸ்கேன் எடுக்க வேண்டும். புற்றுநோய்க்குக் கீமோ எடுக்கிறவருக்கு 101 டிகிரி காய்ச்சல் ஒரே ஒரு தடவை அடித்தாலே அது அவசரம். சளி இல்லை, இருமல் இல்லை, நாளைக்கு ஓபியில் காட்டிக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும், அதனால் வாசலில் வரிசையில் நிற்காமல் கீமோ நோயாளி, காய்ச்சல் என்று சத்தமாகச் சொல்லுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியது

கேசுவல்டியில் நாங்கள் முதலில் கேட்பது என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றுதான். வருகிற பதில், வெள்ளையாக இருக்கும், சின்னதாக இருக்கும் என்பதுதான். மேலே சொன்ன பாதி விஷயங்களுக்கு விடை அந்த அட்டையில் இருக்கிறது. வோக்லிபோஸா, கிளிமிபிரைடா, டபாகிளிஃபுளோசினா, ஸ்டீராய்டா, அசிட்ரோமா என்று தெரிந்தால் வைத்தியமே மாறும். பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் போதாது, காலி அட்டையாக இருந்தாலும் மாத்திரை டப்பாவை அப்படியே பையில் கொட்டிக்கொண்டு வாருங்கள்.

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு முழுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே வயது, ரத்த குரூப், என்ன நோய், என்ன மாத்திரை எத்தனை வேளை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, என்ன ஆபரேஷன் எந்த வருடம் என்று பெரிய எழுத்தில் எழுதுங்கள். அடியில், 108இல் கேட்டால் சொல்ல வேண்டிய முகவரி, பக்கத்தில் உள்ள கோவிலோ பள்ளிக்கூடமோ ரேஷன் கடையோ ஒரு அடையாளம், ஆம்புலன்ஸ் உள்ளே வராத சந்து என்றால் எந்த முனையில் ஆள் நிற்பார் என்பதும். தாளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, காப்பீட்டு அட்டையின் நகலையும் அதிலேயே செருகி, தினசரி காலண்டர் ஆணியில் மாட்டிவிடுங்கள். மாத்திரை மாறினால் அன்றைக்கே பழையதை அடித்துப் புதியதை எழுத வேண்டும்.